துரைக்கு ஒரு குடைப்பிடி

3 செப்டம்பர் 1974, செவ்வாய்

துரை இன்றும் ஆற்றில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் மூழ்கினாலாவது ஒரு மரியாதை உண்டு. பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? வெறும் மணல். பின்னால் கேன் கேனாகப் பால், மேலே வெயில், நடுவில் நான்.

துரை என்பது எங்கள் பால் சங்கத்து வண்டிக்கு ஊர் வைத்த பெயர். சர்வே செய்ய வந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று போகிறபோது ஏலத்தில் விட்டுப் போன வண்டி. வெள்ளை நிறம், உயரமான உடம்பு. பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினால் ஜீப் பியூன் மாதிரித் தெரியும். நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்று சொல்லித்தான் தலைவர் கோதண்டபாணி ஏலத்தில் எடுத்தார். இழுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மணலில் ஒரு சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்தால் மற்ற மூன்றும் நின்று வேடிக்கை பார்க்கின்றன.

கரையில் மாட்டு வண்டி ஓட்டும் தணிகாசலம் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே காளைகளை ஓட்டி வந்தார். "யோவ் டிரைவரே, சீமையிலேருந்து வந்த துரைய எங்க ஊர் மாடுதான் கரையேத்துது பாரு" என்றார். கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். சங்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்துவிட்டது.

4 செப்டம்பர்

பேசவில்லை. நான் தலைவரிடமும், தலைவர் என்னிடமும்.

5 செப்டம்பர், வியாழன்

இன்று பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

"இந்தா பாரு ஆதி. தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உன் துரை ஒழுங்கா ஆத்தத் தாண்டணும். இல்லன்னா வித்துட்டு சின்ன வேன் ஒண்ணு வாங்கிடலாம்னு கமிட்டில சொல்லிட்டாங்க. தார் ரோட்டு ஊரு மட்டும் போதும். அக்கரை ஊருங்க வேணாம்."

அக்கரை ஊர்கள் வேண்டாமாம். மாகறல் பக்கம் நாலு ஊர் சங்கத்தை நம்பித்தான் எருமை வளர்க்கிறது. அதில் ஒரு ஊரில் என் அக்கா பெரியநாயகி இருக்கிறாள். மாமா போன பிறகு அவள் வீட்டில் அடுப்பு எரிவது இரண்டு எருமைகளால்தான். பாலம் வழியாகச் சுற்றிப் போனால் ஏன் ஆகாது என்று கேட்பார்கள். போகலாம். பால் தயிராகி வந்து சேரும்.

எனக்கு வேலை போகாது. தார் ரோட்டில் சின்ன வேன் ஓட்டுவேன், சௌகரியமாகத்தான் இருக்கும். அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?

8 செப்டம்பர், ஞாயிறு

துரையைப் பிள்ளையார்பாளையத்தில் மெக்கானிக் குமாரவேலின் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். இவன் வீட்டிலும் இரண்டு தறி ஓடுகிறது. அண்ணன் தம்பி எல்லோரும் பட்டில் கைவைக்க, இவன் ஒருவன் மட்டும் கிரீஸில் கைவைத்துவிட்டான். அந்தக் கையோடு வாசல்படி தாண்டினால் அவன் அம்மா விளக்குமாற்றை எடுப்பார்களாம். அதனால் மூன்று வேளைச் சோறும் பட்டறைக்கே வந்துவிடுகிறது.

வண்டிக்கு அடியில் படுத்தபடியே பேசினான். தலைவர் என் பெயரின் முன் பாதியைக் கூப்பிடுவார், இவன் பின் பாதியை. "கேசவண்ணா, என்ஜின் பவரு நடுவுல ஒரு டிஃபரன்ஷியல்ல ரெண்டாப் பிரியுது. முன்னாடி பாதி, பின்னாடி பாதி. எந்தப் பக்கம் லேசா சுத்துதோ அந்தப் பக்கம்தான் அது ஓடும்."

"புரியல."

"வீட்டுல சும்மா இருக்குற புள்ளைக்கே எல்லாச் சோறும் போவுதுன்னு வெச்சுக்கோ. வேலை செய்யிறவன் பட்டினி."

புரிந்துவிட்டது. என் மைத்துனன் வீட்டில் அப்படித்தான்.

இந்த நடுவைப் பூட்டிவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும். பூட்டு வண்டியிலேயே இருக்கிறதாம்! டிரைவர் ஒரு குமிழைத் தூக்கினால், என்ஜின் காற்றை உறிஞ்சி, ஒரு ரப்பர் டப்பா வழியாகப் பூட்டை இழுக்குமாம். ரப்பர் மக்கிப் பொடியாகிவிட்டது. இத்தனை நாளும் அந்தக் குமிழில் நான் என் துண்டை மாட்டி வைத்திருந்தேன்.

புது ரப்பர் டப்பா வேண்டுமென்றால் சீமைக்குத்தான் எழுதிப்போட வேண்டும். "காத்து இழுக்கலன்னா நீ இழு. கையால இழுக்குற மாதிரி நான் செஞ்சு தரேன்" என்றான் குமாரவேல்.

14 செப்டம்பர், சனி

சைக்கிள் பிரேக் ஒயர் வைத்துக் கட்டினான். மணலில் இறங்கி இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. தணிகாசலம் காளைகளைப் பூட்டியே தயாராக நிற்கிறார். என்னைப் பார்த்தால் மாடுகளுக்கே இப்போது சிரிப்பு வருகிறது.

17 செப்டம்பர், செவ்வாய்

தலைவர் காலையிலிருந்து தன் குடையைத் தேடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தூறலில் பட்டறைப் பக்கம் வந்து, துரை எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போனாரே, அங்கே விட்டிருப்பார். மூங்கில் பிடி வளைத்த குடை, மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அதைப் பற்றி நாங்கள் எல்லோரும் பலமுறை கேட்டிருக்கிறோம்.

22 செப்டம்பர், ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

குமாரவேல் ஒயரை விட்டுவிட்டான். கெட்டியான இரும்புக் கம்பி, நடுவில் ஒரு முட்டி, என் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் ஓட்டை. ஓட்டைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. வரதராஜப் பெருமாள் படம் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஓட்டை போடுவார்களா? சாமியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல் என்றான். தள்ளி வைத்தேன்.

கம்பியின் நுனியில் பிடிக்க வாகாக ஒரு கைப்பிடி. மேலே தூக்கினால் பூட்டு விழும், கீழே தள்ளினால் விடும். கைப்பிடி வழவழவென்று நன்றாக இருந்தது. வளைந்த மூங்கில்.

சட்டென்று கையை எடுத்தேன். "டேய், இது யாருது தெரியுமா?"

"ஷெட்டுல கெடந்துச்சுண்ணா. யாரோ உட்டுட்டுப் போனது. குடைக் கம்பியெல்லாம் ஏற்கெனவே வேற வேலைக்குப் போயிடுச்சு."

பிடுங்கிவிடலாம் என்றால் இன்னொரு வாரம் ஆகும். பேசாமல் ஆற்றுக்கு ஓட்டிப் போனேன். வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடத்திலேயே வேண்டுமென்று நிறுத்தினேன். கியரைப் போட்டேன். ஒரு சக்கரம் சுற்றியது, மணல் பறந்தது, வண்டி அசையவில்லை. குடைப்பிடியைத் தூக்கினேன். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாலு சக்கரமும் மணலைக் கவ்விக்கொண்டு துரை எழுந்து நடந்தார். நான் கத்தினேன். குமாரவேல் கத்தினான். தணிகாசலம் காளைகளை அவிழ்த்து மேயவிட்டார்.

திரும்பும்போது தார் ரோட்டில் குமாரவேல் பூட்டை எடுக்காமலே ஒரு வளைவு திருப்பிக் காட்டினான். டயர் கிறீச்சிட்டது, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும், பின் சக்கரம் குறைவாக. பூட்டு அதற்கு விடாது. மணலில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் எங்கே வழுக்கும்? உள்ளே ஏதாவது ஒன்று உடைந்தால்தான் உண்டு.

"அதனால ரோடு ஏறினதும் தள்ளிடணும். மறந்துடுவன்னு தெரியும். லைட்டு ஒண்ணு வெச்சுத் தரேன்" என்றான்.

23 செப்டம்பர்

பால் பாலாகவே வந்து சேர்ந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் குட்டிச் சிவப்பு விளக்கு, அடுத்த நாளே குமாரவேல் வைத்தது. பூட்டு விழுந்தால் எரியும், எடுத்தால் அணையும். இரண்டு வாரத்தில் எனக்கு அது பழகிவிட்டது. கரை ஏறியதும் கண் தானாக அங்கே போகிறது, கை தானாகப் பிடியைத் தள்ளுகிறது.

இன்று என் மனைவி காந்தாவை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். நடு ஆற்றில் தானும் ஒருமுறை பிடியைத் தூக்குவேன் என்று அடம்பிடித்தாள். தூக்கினாள். விளக்கு எரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இதுக்கு எதுக்குடி கும்பிடு?" என்றேன். "இது எரியறதாலதான உங்க அக்கா வூட்டு அடுப்பு எரியுது" என்றாள்.

தலைவரை மட்டும் முன் சீட்டில் ஏற்றுவதில்லை. அவர் வண்டிக்கு அருகில் வந்தால் கைப்பிடியின் மேல் என் துண்டைப் போட்டுவிடுகிறேன்.

24 அக்டோபர், வியாழன். ஆயுத பூஜை

காலைப் பால் எடுத்து வந்ததும் துரைக்குக் குளியல். தலைவர் வாழைக்கன்று வாங்கிக் கொடுத்தார், குமாரவேல் சாமந்தி மாலை. பொட்டு வைப்பது காந்தா. அவளிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தால் ஒரு இடம் விடமாட்டாள். நாலு டயர், ஸ்டியரிங், ஆரன், கண்ணாடி, மீட்டர், எரிவது எரியாதது எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். துரை கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். பொரி கடலை நன்றாக இருந்தது.

25 அக்டோபர், வெள்ளி

விஜயதசமி. வண்டி என்னவோ கனமாக ஓடுகிறது. எலுமிச்சம்பழம் நசுக்கியதில் ஏதாவது குறையா?

26 அக்டோபர், சனி

போச்சு. எல்லாம் போச்சு.

ஓரிக்கை வளைவில் டமார் என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் தொங்குகிறது. அதன் முட்டியில் இருக்கும் கிராஸ் என்கிற சிலுவை இரும்பு உடைந்துவிட்டது. சைக்கிளில் போன ஒருவரிடம் சொல்லியனுப்பி, குமாரவேல் வந்தான். வந்ததும் அடியில் பார்க்கவில்லை, கைப்பிடியைத்தான் பார்த்தான். தூக்கியே இருந்தது.

"பூட்டோடயே ஓட்டிக்கினு இருக்குறியேண்ணா! எத்தினி நாளா?"

"லைட்டு எரியலடா!"

"எரியும்."

"எரியலன்றேன்! எரிஞ்சா தள்ளியிருக்க மாட்டனா? நீ வெச்ச லைட்டு அவ்ளோ லட்சணம். குடைய ஒடச்சு வண்டி செய்யிறவன்தான நீ!"

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் சுருங்கிவிட்டது. உடைந்த ஷாஃப்டைக் கழற்றி உள்ளே போட்டான். பிடியைக் கீழே தள்ளிவிட்டு ஓட்டிப் பார்த்தான். என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. முன்னால் ஷாஃப்ட் இல்லாததால் எல்லா பவரும் அந்த வெறுமைக்கே போகிறது, சும்மா இருக்கும் பிள்ளை இன்னும் சும்மா. பிடியைத் தூக்கினான். 'டக்'. பின் சக்கரம் இரண்டும் இழுக்க, துரை நொண்டிக்கொண்டே சங்கத்துக்குப் போனார். எது உடைத்ததோ அதுவே கொண்டுவந்தும் சேர்த்தது. பால் கெடவில்லை.

தலைவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தீபாவளி என்னிக்கு, ஞாபகம் இருக்குதா?"

27 அக்டோபர், ஞாயிறு

முன் சக்கரம் இழுக்காமல் மணலில் இறங்க முடியாது. வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். தணிகாசலம் வண்டியில் ஏற்றியது போக மிச்சப் பாலைப் பெண்கள் தலையில் சுமந்து வந்தார்கள். அதில் அக்காவும் ஒருத்தி. மணலில் கால் புதைய, ஒரு கையால் கேனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓடிப்போய்க் கேனை இறக்கினேன். "இன்னாடா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த மணல்ல நடந்தவடா நானு" என்று சிரித்தாள். திரும்பிப் போகும்போது அவள் நடை சிரிக்கவில்லை.

குமாரவேல் மெட்ராஸ் போயிருக்கிறானாம், கிராஸ் தேட. என்னிடம் சொல்லவில்லை. அவன் அம்மா சொன்னார்கள்.

29 அக்டோபர், செவ்வாய்

லாரி கிராஸ் ஒன்றை வாங்கி வந்து, லேத்தில் கடைந்து சேர்த்துவிட்டான். ஷாஃப்ட் மாட்டியாகிவிட்டது. நான் போய் நின்றேன். அவன் பேசவில்லை. நானும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் காந்தா கூட வந்திருந்தாள். எங்கள் சண்டை அவளுக்குத் தாங்கவில்லை.

குமாரவேல் காந்தாவிடம் சொல்வது போல எனக்குச் சொன்னான். "அண்ணி, அந்த லைட்டக் கழட்டிக் காட்டுறேன். பல்பு நல்லா இருந்தா உங்க வூட்டுக்காரர் இன்னா சொல்லுவாருன்னு கேட்டு வைங்க."

பிடியைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு மீட்டர் பக்கம் குனிந்தான். அப்படியே நின்றுவிட்டான். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பயந்தே போனேன். சிரிப்பு!

நானும் எட்டிப் பார்த்தேன். மீட்டருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். பல்பு சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பு வழியாகச் சரிகை இழை மாதிரி ஒரு சிவப்பு.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தினமும். என் கண்ணுக்கு எதிரில்.

பூஜையில் வைத்த பொட்டை இந்த ஊரில் எவன் துடைப்பான்? அதுவாக உதிரும் வரை இருக்கட்டும் என்றுதான் நானும் விட்டேன். அங்கே விளக்கு இருந்தது என்பதே எனக்கு மறந்துபோனது. எரிந்தால் பார்ப்பேன், எரியாவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது?

காந்தா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் வெச்ச பொட்டா? ஐயோ, நான்தான் உங்க அக்கா வயித்துல அடிச்சனா?" குமாரவேல் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணி, நீங்க வெக்கலன்னா நான் வெச்சிருப்பேன். எங்கம்மா என் ஸ்பானருக்கே வெச்சாங்க" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். குடையைப் பற்றிப் பேசியது தப்புதான்டா என்றேன். கை கிரீஸ் என்றான். பரவாயில்லை என்றேன்.

விளக்கை வேறு எங்கே மாற்றுவது என்று பேசினோம். மேலே வைத்தாலும் பொட்டு, கீழே வைத்தாலும் பொட்டு. காந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மணி வெச்சிடேன்பா. மணிக்குப் பொட்டு வெச்சாலும் அது சத்தம் போடுமில்ல?" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

3 நவம்பர், ஞாயிறு

மணி தணிகாசலம் கொடுத்தது, மாட்டுக் கழுத்து மணி. "என் பொழப்புல மண்ணப் போட்ட வண்டிக்கு என் மாட்டு மணியே கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தார்.

கைப்பிடிக்குக் கீழே கம்பியில் கட்டியிருக்கிறான். பிடியைத் தள்ளினால் மணி ஒரு கம்பளித் துண்டில் போய் அடங்கும். தூக்கினால் வெளியே தொங்கி, வண்டி ஓடும்வரை கணகணவென்று உயிரை வாங்கும். மணலில் அது பாட்டு. தாரில் ஐந்து நிமிஷம் கேட்டால் பைத்தியம் பிடிக்கும். அதுதான் வேண்டும். விளக்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம், பொட்டோடு.

11 நவம்பர், திங்கள்

தீபாவளிப் பால். ஊர் முழுக்கப் பலகாரத்துக்குப் பால் கேட்கிறது. இன்றைக்குப் பார்த்துத் தலைவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "கமிட்டிக்கு நானே கண்ணால பாத்துச் சொல்லணும்."

துண்டைப் போட நேரமில்லை.

மணலில் இறங்கினோம். வேண்டுமென்றே மேடு பள்ளமாகப் பார்த்து ஓட்டச் சொன்னார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. "இப்ப?" என்றார். பெருமாளை நினைத்துக்கொண்டு பிடியைத் தூக்கினேன். டக். கணகணகண. துரை நடந்தார். தலைவர் மணலைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். கை இருந்த இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அக்கரையில் நாலு ஊர்ப் பெண்களும் கேன்களோடு நின்றார்கள். வண்டி வருமா வராதா என்று தெரியாமலே வந்து நின்றிருக்கிறார்கள். அக்கா தலைவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். "எருமை எத்தினிமா?" என்று கேட்டார். இரண்டு, ஒன்று சினையாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். தலையாட்டினார்.

திரும்பும்போது தாரில் ஏறியும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் நான் மறந்துவிட்டேன். தலைவர் கையை நீட்டி, அந்த மூங்கில் பிடியைத் தானே கீழே தள்ளினார். மணி அடங்கியது.



13 நவம்பர், புதன். தீபாவளி

தலைவர் வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோனேன். கமிட்டி பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. துரைக்குப் பட்டாசுச் சத்தம் ஆகவில்லை போல, காலையில் கிளம்ப அடம்பிடித்தார்.

30 நவம்பர், சனி

விடியற்காலையிலிருந்து மழை. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, மணல் மட்டும் நனைந்து கெட்டிப்பட்டிருக்கிறது. சங்கத்து வாசலில் புதுக் கேன்கள் அடுக்கியிருந்தன. யாருக்கு என்று கேட்டேன். அக்கரையில் ஐந்தாவதாக இன்னொரு ஊரும் கேட்டிருக்கிறதாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

தலைவர் தலையில் ஒரு உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தெருவில் வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பால் ஊற்ற வந்த ஒருவர், "இன்னா தலைவரே, சிங்கப்பூர் குடை எங்க?" என்று கேட்டார்.

நான் வண்டிக்குள் குனிந்துகொண்டேன்.

"அதுவா?" என்றார் தலைவர். "அது தெனம் காலையில ஆத்துக்கு அந்தாண்ட போயிட்டு வருதுபா. நெனச்சாலும் திருப்பிக் கேக்க முடியாது." என் பக்கம் திரும்பி, "ஆதி, நேரமாவுது பாரு, கெளம்பு" என்றார்.

கிளம்பினேன்.